வாயைக் கட்டுவது யார்?

"வாயைக் கட்டி வயித்தைக் கட்டிப் புள்ளைங்கள படிக்க வச்சேன்" என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். அது தியாகத்தின் மொழி. அதே சொற்களைக் கொஞ்சம் திருப்பி, உடல் பருத்த ஒருவரிடம் "வாயைக் கட்டக் கூடாதா?" என்று கேட்டால் அது குற்றச்சாட்டாகிவிடும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான். பசி எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் வருகிறது, அதைக் கட்டுவது அவரவர் மன உறுதி. ஆகவே மெலிந்தவர் கட்டியவர், பருத்தவர் கட்டத் தவறியவர்.

இந்த நம்பிக்கை சரியா என்பதுதான் என் கேள்வி. இது மருத்துவக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் இதில் பாராட்டும் பழியும் இருக்கிறது. யாருக்கு எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்கிற வேலை இருக்கிறது. அதனால் இது அறத்தின் கேள்வியும்கூட.

என் பெரியம்மா மகள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், செபராங் ஜெயாவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு லோரோங் தள்ளி இருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வயிற்றைக் குறைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் உறவினர்கள் இரண்டு கட்சியானார்கள். விஷயம் தெரியாதவர்கள், "எப்படி இளைச்சிட்ட! என்னா கட்டுப்பாடு!" என்றார்கள். தெரிந்தவர்கள், "காசு இருந்தா குறுக்கு வழி" என்றார்கள். அக்கா இரண்டையும் வாங்கிக்கொள்ளவில்லை. என்னிடம் ஒருமுறை சொன்னார்: "தம்பி, இப்ப நான் ஒண்ணும் கட்டுப்படுத்தலடா. பசிக்கல, அவ்ளோதான். முன்னாடிதான் கட்டுப்படுத்தினேன். அப்ப யாரும் பாராட்டல."

இந்த நான்கு வாக்கியங்களுக்குள் ஒரு முழுத் தத்துவச் சிக்கல் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்க முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அக்காவுக்குச் செய்ததை ஸ்லீவ் என்பார்கள். வயிற்றில் முக்கால் பாகத்துக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மீதியைச் சட்டைக் கை போன்ற குழாயாகத் தைத்துவிடுவது. பலரும் நினைப்பது போல, பை சின்னதாகிவிட்டது, அதனால் கொஞ்சம் சாப்பிட்டாலே நிரம்பிவிடுகிறது என்பது பாதிக் கதைதான். வயிறு வெறும் பை அல்ல. அது பேசுகிற உறுப்பு. 1999இல் ஜப்பானைச் சேர்ந்த கொஜிமாவும் கங்காவாவும் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் வயிற்றில் சுரந்து, இரத்தத்தில் கலந்து, மூளையிடம் 'சாப்பிடு' என்று சொல்வது அது. சாப்பாட்டுக்கு முன் ஏறும், சாப்பிட்டபின் இறங்கும். அதை அதிகமாகச் சுரப்பது வயிற்றின் மேல்பகுதி. ஸ்லீவ் அறுவையில் வெட்டி எடுக்கப்படுவதும் பெரும்பாலும் அந்தப் பகுதியே.

எதிர்த்திசையில் பேசும் ஹார்மோன்களும் உண்டு. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்த லெப்டின் கொழுப்பிலிருந்து கிளம்பி, 'சேமிப்பு இருக்கிறது' என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. குடலிலிருந்து வரும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் இரண்டும் 'போதும்' என்பவை. அறுவைக்குப் பின் உணவு குடலுக்கு வேகமாகப் போய்ச் சேர்வதால் இந்தப் 'போதும்' குரல்கள் முன்பைவிட உரக்க ஒலிக்கின்றன. எல்லாவற்றையும் கிரெலின் தலையில் கட்டவும் முடியாது. கிரெலினே சுரக்காத எலிகளுக்கு ஸ்லீவ் அறுவை செய்து பார்த்தபோது அவையும் எடை இழந்தன. ஆக இது ஒரு ஸ்விட்ச்சை அணைப்பது போன்றதல்ல, ஒரு சபையில் பேசுபவர்களின் வரிசையை மாற்றி அமைப்பது போன்றது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அறுவை இல்லாமல், வாயை மட்டும் கட்டி எடையைக் குறைத்தால் என்ன ஆகும்? 2002இல் அமெரிக்காவில் டேவிட் கம்மிங்ஸ் குழு இதை அளந்தது. ஆறு மாத உணவுக் கட்டுப்பாட்டில் 13 பேர் தங்கள் எடையில் 17 சதவீதத்தைக் குறைத்தார்கள். அவர்களுடைய ஒருநாள் கிரெலின் அளவு 24 சதவீதம் ஏறியிருந்தது. அதே ஆய்வில் வயிற்று பைபாஸ் அறுவை செய்துகொண்ட ஐந்து பேருக்கு, இயல்பான எடை உள்ளவர்களைவிட 77 சதவீதம் குறைவாக இருந்தது. இத்தனை சிறிய ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது, பிறகு வந்த ஆய்வுகளில் பைபாஸ் கணக்கு இவ்வளவு சீராக வரவும் இல்லை. ஆனால் முதல் பாதி நிலைத்துவிட்டது. 2011இல் வெளியான மெல்பர்ன் ஆய்வு ஒருபடி மேலே போனது. பத்து வாரம் கடும் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. அவர்கள் முன்பைவிட அதிகமாகப் பசித்துக்கொண்டிருந்தார்கள்.

அதாவது, வாயைக் கட்டக் கட்ட, கட்ட வேண்டிய பசி பெரிதாகிறது.

நான் பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அங்கே அடுப்பு வெப்பத்தைக் கவனிக்கும் கன்ட்ரோலர்கள் என் பொறுப்பு. 180 டிகிரி என்று அமைத்துவிட்டால், யாராவது கதவைத் திறந்து வைத்துச் சூட்டைக் குறைக்கப் பார்த்தாலும் அது ஹீட்டரைக் கூட்டிக்கொண்டே போகும். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் எவ்வளவு உறுதியானவர் என்பது அதற்குப் பொருட்டல்ல. கை வலித்துக் கதவை விட்டதும் பழையபடி 180. உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். அறுவை என்பது, ஏறத்தாழ, செட் பாயின்ட்டையே மாற்றுவது.

உவமை இதுவரைக்கும்தான் வரும். கன்ட்ரோலருக்கு வலிக்காது. பசிக்கு உள்ளே ஒரு 'நான்' இருக்கிறது.

அந்த நானுக்கு என்ன ஆகும் என்று பார்க்க 1944க்குப் போக வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு பரிசோதனை நடத்தினார். போரால் பட்டினி கிடக்கும் மக்களுக்கு எப்படி மீண்டும் உணவு கொடுப்பது என்று தெரிந்துகொள்வதற்காக. பங்கேற்ற 36 இளைஞர்களும், ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று மனசாட்சியின் பேரில் மறுத்தவர்கள். ஊரே போர் வெறியில் இருக்கும்போது தனியாக நின்று 'மாட்டேன்' என்று சொன்னவர்களுக்கு மன உறுதி இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆறு மாத அரைப்பட்டினியில் அவர்கள் சாப்பாட்டைப் பற்றியே யோசித்தார்கள், கனவு கண்டார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். தட்டை நக்கினார்கள். எரிச்சலும் சோர்வும் வந்தன. ஓர் அரசை எதிர்த்து நின்றவர்களைப் பசி சமையல் புத்தகம் படிக்க வைத்தது.

உடனே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. "தைப்பூசத்துக்கு எத்தனை பேரு விரதம் இருக்காங்க? தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கறவன் வாரக்கணக்கா ஒரு வேளைச் சாப்பாட்டுல இருக்கறான். அவனால முடியுதே?" முடிகிறது. ஆனால் விரதத்துக்கு முடிவு நாள் உண்டு. கூட இருப்பவர்கள் உண்டு. அந்தப் பசிக்கு ஓர் அர்த்தம் உண்டு, ஊர் அதை மதிக்கிறது. எடைக்காகக் கிடக்கும் பசிக்கு இவற்றில் எதுவும் கிடையாது. முடிவு நாள் இல்லை, தினமும் தனியாக, யாரும் பார்க்காமல் இருக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் மட்டும் எல்லாரும் பார்ப்பார்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. எல்லாம் ஹார்மோன் என்றால் பொறுப்பு என்பதே கிடையாதா? கோபத்துக்கும் ஹார்மோன் உண்டு. பெண்டாட்டியை அடிப்பவன் 'என் அட்ரினலின் அப்படி' என்று சொன்னால் விட்டுவிடுவோமா?

விட மாட்டோம். இங்கே இரண்டு விஷயங்களைப் பிரிக்க வேண்டும். பசி நமக்கு வருவது, சாப்பிடுவது நாம் செய்வது. வருவதற்கு நாம் பொறுப்பில்லை, செய்வதற்குப் பொறுப்பு உண்டு. இதை நான் மறுக்கவில்லை. மறுப்பது வேறொன்றை. ஒரே செயலுக்கு எல்லாரும் ஒரே விலை கொடுக்கிறார்கள் என்ற எண்ணத்தை. இரவு பத்து மணிக்கு மாமாக் கடையில் நண்பன் நீட்டும் ரொட்டி சானாயை 'வேண்டாம்' என்று தள்ள எனக்கு இரண்டு ரிங்கிட் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்காவுக்கு அன்றைக்கு இருநூறு ரிங்கிட் செலவானது. ஒருநாள் கொடுத்தார், இரண்டாம் நாள் கொடுத்தார், பன்னிரண்டாம் நாள் கையில் காசில்லை. பார்ப்பவர்களுக்குத் தட்டு மட்டும்தான் தெரியும், விலை தெரியாது. இரண்டு ரிங்கிட் கொடுத்த என்னை 'கட்டுப்பாடானவன்' என்றார்கள். பதினோரு நாள் இருநூறு கொடுத்தவரை 'வாயைக் கட்டத் தெரியாதவள்' என்றார்கள். அடிப்பவன் விஷயத்தில் இந்தக் கணக்கு ஏன் பொருந்தாது என்றால், அங்கே விலையைக் கொடுப்பவள் அடி வாங்குபவள். இங்கே யாருடைய உடம்பும் அடி வாங்கவில்லை, சாப்பிடுபவருடையதைத் தவிர.

1997இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். உறவுக்காரக் குழந்தைகள், பிறவியிலேயே லெப்டின் சுரக்காதவர்கள். எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது, எடை ஏறிக்கொண்டே போனது. பிறகு லெப்டின் ஊசி போட ஆரம்பித்ததும் பசி அடங்கியது, எடை இறங்கியது. ஊசிக்குப் பிறகு அந்தக் குழந்தைக்கு ஒழுக்கம் வந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. அப்படியானால் ஊசிக்கு முன்னால் ஒழுக்கம் இல்லாமல் இருந்தது என்றும் சொல்ல முடியாது. அக்கா பாராட்டை மறுத்ததன் தர்க்கம் இதுதான். பாராட்டை வாங்கிக்கொண்டால் பழைய பழியையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

நம் இலக்கியத்தில் இந்த நிலைக்கு ஒரு பெயரே இருக்கிறது. மணிமேகலையில் வரும் காயசண்டிகையை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் உண்ணும் முனிவர் ஒருவரின் நாவல் கனியைக் காலால் சிதைத்துவிடுகிறாள். அவர் சபிக்கிறார். அவளுக்கு வருவது யானைத்தீ, எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. கணவன் காய்கனியெல்லாம் கொண்டுவந்து கொட்டுகிறான், தீரவில்லை. மணிமேகலை அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறு இட்டதும் அடங்குகிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, காப்பியத்தில் யாரும் அவளிடம் வாயைக் கட்டச் சொல்லவில்லை என்பது. யானைத்தீ அவளுடைய குணம் அல்ல, அவள்மேல் விழுந்தது. பசியைப் பிணி என்று அழைத்த மரபு நம்முடையது. அமுதசுரபியைக் குறுக்கு வழி என்று ஒரு வாசகரும் சொன்னதில்லை.

ஆனால் அந்தக் காப்பியத்தின் அக்கறை சோறில்லாதவர்களின் பசி. நம் கதையும் அங்கேதான் தொடங்குகிறது. செபராங் பிறைக்குத் தமிழர்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்த வேலைகளில் ஒன்று கரும்புத் தோட்டம். பிறகு ரப்பர். பிறகு ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு. அந்தத் தலைமுறைக்குச் சோறு போடுவதைவிடப் பெரிய அன்பு தெரியாது. இன்றும் நாம் காலையில் பார்த்ததும் "பசியாறியாச்சா?" என்றுதான் கேட்கிறோம். தமிழ்நாட்டு நண்பர்கள் இதைக் கேட்டு வியப்பார்கள். ஒரு சமூகம் தன் வணக்கத்துக்குள்ளேயே பசியை வைத்திருக்கிறது என்றால் அது எவ்வளவு பசித்திருக்கும்! அந்த அன்பு இப்போது கெட்டிப்பால் தே தாரிக் விற்கும் இருபத்துநாலு மணி நேரக் கடைகளுக்கு நடுவில் வாழ்கிறது. 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 50.1 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இனவாரியாக முன்னால் நிற்பவர்கள் இந்தியர்கள். நீரிழிவிலும் அப்படியே. கரும்பு வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இரத்தத்தில் சர்க்கரை அளந்துகொண்டிருக்கிறோம். பாதிப் பேரின் மன உறுதி ஒரே நாட்டில், இரண்டு தலைமுறைக்குள், சேர்ந்தாற்போல் கெட்டுப்போயிருக்கும் என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மாறியது மனம் அல்ல, மேசை.

சரி, பழி போகட்டும். அறுவையின் பக்கம் கேள்விகளே இல்லையா? இருக்கின்றன.

முதலாவது, இது உயிர் சம்பந்தப்பட்டது. பொதுவாகப் பாதுகாப்பானது என்றாலும் அறுவை அறுவைதான். 2024இல் சென்னைப் புறநகரில் எடைக்குறைப்பு அறுவைக்குப் போன ஓர் இளைஞர் இறந்த செய்தியை நாமெல்லாம் படித்தோம். பிழைத்தவர்களுக்கும் வாழ்நாள் முழுக்க வைட்டமின், இரத்தப் பரிசோதனை, சிலருக்கு நெஞ்செரிச்சல், சிலருக்கு ஆண்டுகள் கழித்து எடை திரும்புதல். குறுக்கு வழி என்பவர்கள் அந்த வழியில் ஒருநாள் நடந்து பார்க்க வேண்டும். தனியாரில் செய்துகொள்ளப் பல்லாயிரம் ரிங்கிட் வேண்டும் என்பது இன்னொரு விஷயம். பசியை அணைக்கும் வசதி பணத்தைப் பொறுத்தது என்றால், நாளைக்குப் பருத்த உடல் என்பது ஏழையின் அடையாளமாகும். பழி இன்னும் கனமாகும்.

இரண்டாவது கேள்வி அரிஸ்டாட்டிலுடையது. அவர் இரண்டு வகை மனிதரைப் பிரித்தார். கெட்ட ஆசை வந்து, அதோடு போராடி ஜெயிப்பவர் ஒருவர். அந்த ஆசையே எழாதபடி பழகிவிட்டவர் இன்னொருவர். நமக்கு முதலாமவர்தான் வீரராகத் தெரிவார். அரிஸ்டாட்டில் உயர்வாக வைத்தது இரண்டாமவரை. ஏனென்றால் அவருக்குள் சண்டை இல்லை, அவர் விரும்புவதும் அவருக்கு நல்லதும் ஒன்றாகிவிட்டன. அறுவைக்குப் பிறகான அக்கா வெளியிலிருந்து பார்த்தால் இரண்டாமவர் மாதிரி இருக்கிறார். ஆனால் அரிஸ்டாட்டிலின் ஆள் அங்கே பழக்கத்தால் வந்து சேர்ந்தார், அக்கா கத்தியால். கத்தி கொடுத்த நற்பண்பு நற்பண்பா?

இல்லை என்றே நினைக்கிறேன். அக்காவும் அதைத்தான் சொன்னார். ஆனால் அதனால் குறை ஒன்றும் இல்லை. இயல்பாகவே மெலிந்திருப்பவரின் கட்டுப்பாடும் நற்பண்பு அல்ல, அது அவருக்குப் பிறப்பிலேயே யாரோ செய்துவைத்த ஸ்லீவ். மயக்க மருந்துக்குக் கையெழுத்துப் போட்டதில் வேண்டுமானால் அக்காவின் அறம் இருக்கிறது. இருபது ஆண்டு கதவைப் பிடித்து நின்று, இது கதவின் பிரச்சினை இல்லை என்று புரிந்துகொண்டு, தன் பசி எப்படி இருக்க வேண்டும் என்று தானே முடிவெடுத்த அந்த நாளில். பசி அவர் கேட்டு வந்ததில்லை. பசியைக் குறைக்கும் முடிவு அவர் எடுத்தது. இரண்டில் எது அதிகமாக 'அவர்' என்று கேட்டால் எனக்குச் சந்தேகமில்லை.

மூன்றாவது கேள்விக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. பெரியம்மாவின் கேள்வி அது. "நாலு வாய் சாப்பிட்டுட்டுப் போதும்ங்கறா. எதுக்குச் சமைக்கறேன்னே தெரியல." இங்கேயும் மணிமேகலை நினைவுக்கு வருகிறது. ஆபுத்திரன் கையில் அள்ளக் குறையாத அமுதசுரபி இருந்தது, மழை பெய்து நாடு செழித்ததும் பசித்து வருவோர் யாருமில்லை. பசியில்லாத ஊரில் அந்தப் பாத்திரம் வெறும் பாத்திரம். பெரியம்மா கையில் இருப்பதும் அதுதான். நாற்பது ஆண்டாக அன்பைச் சோறாகவே கொடுத்துப் பழகிய ஒருவரிடம், இனி வேறு வடிவில் கொடுங்கள் என்பது சின்னக் கோரிக்கை அல்ல. ஹார்மோன் மாறியது மகளுக்கு. மொழி மாற வேண்டியது அம்மாவுக்கு.

இப்போது அறுவையே வேண்டாம், வாரம் ஒரு ஊசி போதும் என்ற காலம் வந்துவிட்டது. ஓசெம்பிக் போன்ற மருந்துகள் ஜிஎல்பி-1இன் அதே 'போதும்' குரலைப் போலிசெய்கின்றன. நம் நண்பர்களில் சிலர் போடத் தொடங்கிவிட்டார்கள், வெளியே சொல்வதில்லை. மறைக்க வேண்டியிருக்கிறது என்பதே கவனிக்க வேண்டியது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுவதை யாரும் மறைப்பதில்லை. பசிக்கு மருந்து எடுப்பதை மறைக்கிறோம், ஏனென்றால் அது நோய் அல்ல, குணம் என்று இன்னும் நம்புகிறோம்.

மருந்து ஒவ்வொருவராகத்தான் பசியை அணைக்கும். மேசை அப்படியே இருக்கும். 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டபோது அரசாங்கம், சிறிய அளவிலாவது, மேசையின் பக்கம் கை வைத்தது. 'வாயைக் கட்டு' என்று தனி மனிதரிடம் சொல்லிக்கொண்டே இருப்பதில் எல்லாருக்கும் ஒரு வசதி இருக்கிறது. கடையை, பள்ளிக் கன்டீனை, மூன்று ஷிப்டு வேலையை, நள்ளிரவில் மட்டும் சாப்பிட நேரம் கிடைக்கிற வாழ்க்கையை யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வருவது யாருக்கும் பொறுப்பில்லை என்பதல்ல. அடுத்தவரின் பசி நமக்கு வராது, அவ்வளவுதான். வராத பசிக்கு நாம் விலை குறிக்க முடியாது. தட்டைப் பார்த்து மனிதரை எடைபோடும் பழக்கத்தை விடுவதற்கு அறுவை வேண்டாம், ஊசியும் வேண்டாம். அங்கேதான் நம் மன உறுதிக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. கட்ட வேண்டிய வாய் ஒன்று இருக்கிறதுதான், அது சாப்பிடுகிற வாய் அல்ல.